கட்டளையை மனதாரக் கைக்கொள்ள: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயேசுவைப் புதிதாக விசுவாசிக்க ஆரம்பித்தவருக்கு, சபையில் காலெடுத்து வைத்த முதல் மாதமே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். சினிமா கூடாது, நகை கூடாது, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடக் கூடாது, உபவாசக் கூட்டத்துக்கு வரவேண்டும், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கவேண்டும். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலையே பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போகிறார்கள், இல்லையென்றால் ஓடாதவர்களைப் பார்த்து முகம் சுளிக்க ஆரம்பிக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பின்னால் வரவேண்டியது முன்னால் வந்துவிட்டது. கீழ்ப்படிதல் எங்கிருந்து புறப்படவேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதலில், வரிசையைச் சரிசெய்யுங்கள்

பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன, உபாகமம் 5இல் மறுபடியும் வருகின்றன. யாத்திராகமத்தைத் திறந்து நேராக 20க்குப் போகாமல், 12ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்து வாருங்கள். பன்னிரண்டில் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படுகிறார்கள். பதினான்கில் கடல் பிளக்கிறது. பதினாறில் வானத்திலிருந்து வந்த உணவாகிய மன்னா, பதினேழில் கன்மலையிலிருந்து தண்ணீர். இத்தனையும் நடந்த பிறகுதான் சீனாய் மலையும் கட்டளைகளும். அங்கேயும் முதல் வாக்கியம் கட்டளை அல்ல: “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே.” முதலில் மீட்டார், பிறகு தன்னை யாரென்று சொன்னார், அப்புறம்தான் ‘இப்படி நட’ என்றார்.

“இந்தப் பத்தையும் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன்” என்று எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர் பேரம் பேசவில்லை. ஆகவே கீழ்ப்படிதலை, கடவுளின் வீட்டில் குடியிருப்பதற்கு மாதாமாதம் கட்டும் வாடகையாக நினைக்காதீர்கள். வாடகை கட்டுகிறவருக்கு எப்போதும் இரண்டு பயம்: ஒரு மாதம் தவறினால் வெளியே போகச் சொல்வாரோ, ஒழுங்காகக் கட்டியும் குழாய் ஒழுகுகிறதே, ஏன் கவனிக்கவில்லை? பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. யோவான் தன் முதல் நிருபத்தில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்: “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்.”

நேசம் வரவில்லையே என்றால்

புதியவர்கள் பலர் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி இது. “பக்கத்தில் இருப்பவர் பாட்டுப் பாடும்போது அழுகிறார், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குக் கடவுள்மேல் அன்பு இல்லையோ?” கண்ணீரை அளவுகோலாக வைக்காதீர்கள். சிலருக்குச் சீக்கிரம் கண் கலங்கும், சிலருக்குக் கலங்காது, அது சுபாவம்.

லூக்கா 7ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். சீமோன் என்ற பரிசேயன் (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) இயேசுவை விருந்துக்கு அழைக்கிறான். ஆனால் வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஊரே ஒதுக்கிவைத்த ஒரு பெண் உள்ளே வந்து கண்ணீரால் அவர் பாதங்களை நனைக்கிறாள். சீமோனுக்கு உள்ளுக்குள் குமட்டுகிறது. அப்போது இயேசு இரண்டு கடன்காரர்களைப் பற்றிச் சொல்கிறார்: ஒருவன் 500 வெள்ளிக்காசு, மற்றவன் 50. இருவராலும் கட்ட முடியவில்லை, இருவருக்கும் தள்ளுபடி. அன்றைக்கு ஒரு வெள்ளிக்காசு என்பது ஒருநாள் கூலி. அப்படியென்றால் ஒருவன் ஏறக்குறைய ஒன்றரை வருஷச் சம்பளத்துக்குக் கடன்பட்டிருக்கிறான், மற்றவன் ஏறக்குறைய எட்டு வாரச் சம்பளத்துக்கு. எவன் அதிகமாய் நேசிப்பான்? சீமோன் சரியாகப் பதில் சொல்கிறான். தான் யாருக்கும் பெரிதாகக் கடன்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் அவன் பிரச்சினை.

ஆகவே நேசத்தை வரவழைக்க முக்கிமுனகத் தேவையில்லை, மன்னிக்கப்பட்டதை நினைவில் வைக்கவேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில், உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த பழைய விஷயங்களை நீங்கள் மட்டும் புரிந்துகொள்ளும் குறிப்பாக எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் அன்றன்று கிடைத்த நன்மைகளைத் தேதி போட்டு ஒரு வரியில் எழுதி வாருங்கள். கர்த்தர் “செய்த சகல உபகாரங்களையும் மறவாதே” என்று 103ஆம் சங்கீதம் சொல்வதை நடைமுறையில் செய்வது இவ்வளவுதான். சுகமில்லாமல் கிடந்த வாரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த ரசம்கூட அதில் வரலாம். பெரிய அற்புதங்களை மட்டும் எழுதக் காத்திருந்தால் நோட்டு காலியாகவே கிடக்கும்.

கட்டளை எது, சபை வழக்கம் எது

ஆரம்பத்தில் சொன்ன பட்டியலுக்கு வருவோம். அதில் சில, வேதத்தில் உள்ள கட்டளையிலிருந்து வந்தவை. சில, அந்தச் சபை தன் பிள்ளைகளின் நன்மைக்காக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு. சில, வெறும் பழக்கம். மூன்றையும் ஒரே எடையில் தூக்கினால் தோள் இற்றுப்போகும். சபை ஒழுங்கை மதியுங்கள், சண்டை போடாதீர்கள். ஆனால் எது எதுவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். “இது வேதத்தில் எங்கே இருக்கிறது, ஐயா?” என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல போதகர் சந்தோஷப்படுவார்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “ஆறாம் கட்டளை” என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சொன்னால் அது கொலை செய்யாதிருப்பாயாக என்பது. கத்தோலிக்கர், லூத்தரன் சபையார் எண்ணும் முறையில் அது ஐந்தாவது. அவர்கள் விக்கிரகத்தைப் பற்றியதை முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள், இச்சையைப் பற்றியதை ஒன்பது, பத்து என்று பிரிக்கிறார்கள். வேத வசனம் ஒன்றேதான், எண்தான் மாறுகிறது. அப்புறம், பழைய மொழிபெயர்ப்பில் ‘கற்பனைகள்’ என்று வந்தால் அது கட்டளைகள்தான்.

எல்லாவற்றையும் இயேசு இரண்டாகச் சுருக்கினார்: முழு இருதயத்தோடு தேவனிடத்தில் அன்புகூருவது, உன்னைப்போல் பிறனிடத்தில் அன்புகூருவது. முதலாவது உபாகமம் 6:5, இரண்டாவது லேவியராகமம் 19:18. அந்த லேவியராகமம் 19ஐ முழுதாக வாசிப்பது நல்லது. அன்பு என்று நாம் சொல்வது அங்கே எவ்வளவு தரையில் நிற்கிறது என்று தெரியும். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கு விடு, கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது, செவிடனைச் சபிக்காதே, அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே.

பத்தையும் ஒரே நாளில் தூக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் படி இதுதான். கட்டளைகளை மெதுவாக, சத்தமாக வாசியுங்கள். ஏதோ ஒன்று குத்தும். அந்த இடத்தில் ஆரம்பியுங்கள். குத்தாத ஒன்பதைப் பற்றிப் பெருமைப்படாதீர்கள், அவற்றின் முறை வரும்.

குத்திய கட்டளைக்கு ஒரு முகம் இருக்கும். அந்த மனிதர் யார் என்று கண்டுபிடியுங்கள். ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பது பொதுவாக இருக்கும்வரை எல்லோரும் ஆமென் சொல்வோம். மூன்று நாள் லீவு போட்டதற்காக வேலைக்கார அம்மாவின் சம்பளத்தில் பிடித்த பணம் என்று வந்தவுடன் அது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கடை வைத்திருப்பவர்கள் உபாகமம் 25:13ஐப் பாருங்கள்: பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே. வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு ஒரு கல் என்கிற அந்தப் பழைய தந்திரம் இன்றைக்கு எடைபோடும் மிஷினுக்குள் போய்விட்டது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது பயணப்படியில் கூட்டிப் போட்ட பில்லாக இருக்கலாம். பொய்ச்சாட்சி என்றால் நீதிமன்றம்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் உண்மையா என்று பார்க்காமல் வாட்சப்பில் இன்னொரு சாதிக்காரர், இன்னொரு மதத்துக்காரர்மேல் அனுப்பிவிட்ட செய்தியும் பொய்ச்சாட்சிதான்.

மனதாரக் கீழ்ப்படிவது எப்படியிருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் லூக்கா 19இல் சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தான். இயேசு அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக லூக்கா எழுதவில்லை. இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், அவ்வளவுதான். ஊர் முணுமுணுக்கிறது. சகேயு எழுந்து நிற்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது இருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன்.

அந்த ‘நாலத்தனை’யைக் கவனியுங்கள். ஏமாற்றி வாங்கியதை ஒருவன் தானே ஒப்புக்கொண்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது லேவியராகமம் 6இல் உள்ள சட்டம். நூறு வாங்கியிருந்தால் 120 கொடுத்தால் போதும். திருடிய ஆட்டை அடித்துவிட்டவனுக்கோ விற்றுவிட்டவனுக்கோதான் யாத்திராகமம் 22இல் நாலு மடங்கு. சகேயு தன்னை அந்தக் கடைசி வரிசையில் நிறுத்திக்கொள்கிறான். எவ்வளவு கொடுத்தால் தப்பிக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் மனம் அவனிடம் அந்த நேரத்தில் இல்லை. வீட்டுக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னது அதைக் கரைத்துவிட்டது.

சரி, நீங்களும் நாலு மடங்கு கொடுக்கவேண்டுமா? அப்படி ஒரு விதியை உண்டாக்கினால் மறுபடியும் பட்டியலுக்கே போய்விடுவோம். ஆனால் பிடித்த சம்பளத்தை இந்த வாரமே கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பெரிய சாட்சிப் பிரசங்கம் வேண்டாம். “அன்றைக்கு நான் பிடித்தது தப்பு, அம்மா, இந்தாங்க” என்றால் போதும். ஒருவரிடம் கேட்ட மன்னிப்பை ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லவும் வேண்டாம்.

யாராலும் பிடிக்க முடியாத கட்டளை

மற்ற கட்டளைகள் பலவற்றில் வெளியே ஒழுங்காக நடந்து உள்ளே வேறாக இருக்கலாம். ‘பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக’ என்பதில் அது முடியாது. அதை மீறுகிறவனை எந்தப் போலீசும் பிடிக்க முடியாது, எந்த மூப்பரும் விசாரிக்க முடியாது. இந்தக் கட்டளை சொல்லாவிட்டால் இச்சை பாவம் என்றே எனக்குத் தெரிந்திருக்காது என்று பவுல் ரோமர் 7இல் எழுதுகிறார். வெளியொழுக்கத்தில் குறையில்லாத பரிசேயனாக இருந்தவர் அவர். மலைப்பிரசங்கத்தில் (மத்தேயு 5 முதல் 7 வரை) இயேசு கொலையைக் கோபத்திலும், விபசாரத்தைப் பார்வையிலும் தொடங்கி விசாரிப்பதும் இதே கோணத்தில்தான்.

இதற்கு நடைமுறை வழி ஒன்று. சொந்தக்காரர் புதிய வீடு கட்டியிருக்கிறார், உங்களுக்கு வயிறு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “எனக்குப் பொறாமை இல்லை” என்று உங்களையே ஏமாற்றாதீர்கள். ஜெபத்தில் அந்த வீட்டின் பெயரைச் சொல்லி, எரிகிறது என்று அப்படியே சொல்லுங்கள். பிறகு அந்த வீட்டுக்காரருக்கு நன்மை கேட்டு ஒரு வாக்கியம் ஜெபியுங்கள். முதல் சில தடவை வாய் சொல்லும், மனம் சொல்லாது. பரவாயில்லை, விடாமல் சொல்லுங்கள். எசேக்கியேல் 36இல் “கல்லான இருதயத்தை உங்கள் மாம்சத்திலிருந்து எடுத்துப்போட்டு” என்று வாக்குக் கொடுக்கிறவர் கடவுள். எடுப்பது அவர் வேலை, கொண்டுபோய்க் காட்டுவது நம் வேலை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிறார். எல்லோரும் அந்த இளையவனைப் பற்றியே பேசுகிறார்கள். மூத்தவன் வயலிலிருந்து வந்து, வீட்டுக்குள் போகமாட்டேன் என்று வாசலில் நிற்கிறானே, அவன் சொல்வதைக் கேளுங்கள்: இத்தனை வருஷம் உழைத்தேன், உம்முடைய கற்பனையை ஒருக்காலும் மீறவில்லை, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா? சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தும் சம்பளக்காரனாகவே இருந்திருக்கிறான். நீங்கள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்த பிறகு, பழைய குடிகாரர் ஒருவர் சபைக்கு வந்து எல்லோரும் அவரைக் கட்டிப்பிடிக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வந்தால், நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

வீட்டில் வேறு மார்க்கத்தார் இருந்தால்

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால், முதல் பரீட்சை பெரும்பாலும் ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்பதில்தான் வரும். வேறே தேவர்கள் வேண்டாம் என்ற முதல் கட்டளைக்கு வைராக்கியம் காட்டுவதாக நினைத்து இதை உடைத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அம்மா பூஜைக்குக் கூப்பிட்டால், “நான் வழிபட மாட்டேன், அம்மா, ஆனால் வாசல் கூட்டி, தண்ணீர் தூக்கி, சமையலுக்கு எல்லாம் செய்து தருகிறேன்” என்று சொல்லலாம். குரலை உயர்த்தாமல் சொல்லவேண்டும். வழிபாட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள், மரியாதையிலும் உழைப்பிலும் முன்பைவிட ஒரு படி அதிகம் செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை நிதானமாக வாசித்துவிட்டு முடிவெடுங்கள். விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், துருவித் துருவிக் கேட்காமல் முன்னால் வைத்ததைச் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடு என்கிறார். இரண்டு பக்கத்திலும் அவர் பார்ப்பது எதிரே இருக்கும் மனிதரை.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மாற்கு 7இல் ‘கொர்பான்’ என்று ஒரு தந்திரம் வருகிறது. பெற்றோருக்குச் சேரவேண்டிய பணத்தை, “இது தேவனுக்குக் காணிக்கை” என்று சொல்லித் தட்டிக்கழிப்பது. இயேசு அதைத் தேவ வசனத்தை அவமாக்குவது என்றார். அம்மாவின் மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிட்டு விசேஷக் காணிக்கை போடுகிறவர், எவ்வளவு உற்சாகமாகப் போட்டாலும், கொர்பான்தான் சொல்கிறார். மருந்தை முதலில் வாங்குங்கள்.

தவறிவிட்டால்

தவறுவீர்கள். அன்றைக்கே, அதே இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டம்வரை தள்ளிப்போடாதீர்கள். மனிதருக்குச் செய்த தவறானால் அவரிடமும் போகவேண்டும்.

இயேசுவின் சீடனாகிய பேதுரு, அவர் பிடிபட்ட இரவில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அவருடைய சீடன் அல்ல என்று மூன்று முறை மறுதலித்தான். பிறகு திபேரியா கடற்கரையில், மறுபடியும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில், மீனும் அப்பமும் சாப்பிட்டு முடித்த பிறகு, இயேசு அவனிடம் மூன்று முறை கேட்டார். இனிமேல் மறுதலிக்கமாட்டேன் என்று சத்தியம் செய் என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளைக் கவனிக்கும் வேலையைக் கையில் கொடுத்தார். குற்ற உணர்வில் ஒரு மாதம் சபைப் பக்கமே வராமல் இருப்பதைத் தாழ்மை என்று நினைக்காதீர்கள். அடுத்த வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

தினமும் செய்யக்கூடியவை

119ஆம் சங்கீதம் முழுக்கக் கட்டளைகளை நேசித்துப் பாடிய பாட்டு. 176 வசனம், எபிரெய எழுத்து வரிசைப்படி 22 பகுதி, பகுதிக்கு எட்டு வசனம். காலையில் ஒரு பகுதியைச் சத்தமாக வாசியுங்கள், 22 நாளில் முடியும். எட்டில் ஒரு வசனத்தை மட்டும் மனதில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேசு என்று உபாகமம் 6:7 சொல்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நேரமும் அதில் அடக்கம்.

வாரத்துக்கு ஒரு கீழ்ப்படிதலாவது யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள். மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் எழுதிக் காணிக்கையாகக் கொடுக்கிற ஊர் நம்முடையது. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றால் நோட்டிலும் எழுதக்கூடாது.

சபையில் உங்களைவிட மூத்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், பெண்களுக்கு அக்காமார் ஒருவர் நல்லது. நன்றாகப் பேசுகிறவராக இருக்கவேண்டும் என்றில்லை. அவர் வீட்டில் வேலை செய்கிறவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள், அது போதும். மாதம் ஒருமுறை, எந்தக் கட்டளையில் தடுக்குகிறது என்று அவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

119 முடிந்ததும் மத்தேயு 5, 6, 7 அதிகாரங்களுக்குப் போங்கள். மூன்றும் சேர்த்து 111 வசனங்கள்தான். முதல் தடவை எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள், குத்துகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள்.